மற்றவை என்ற வரி

சர்வர் அறைக் கதவின் பின்புற ஆணியில் உன் அரக்கு நிற ஸ்வெட்டர் இன்றுவரை தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போவேன். எடுக்கத் தோன்றியதில்லை. அடுத்த வாரம் அறையைக் காலி செய்ய இன்று காலை அளவு பார்க்க வந்தவர்கள், சர்வர் ரேக் வெளியே வர வாசல் போதாது, கதவைக் கழற்றினால்தான் முடியும் என்றார்கள். அதனால் எடுத்தேன். மடிக்கும்போது நீலகிரித் தைலம் மணந்தது. நீ போய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இத்தனை நாளும் ஏசிக் காற்று அதன்மேல் வீசிக்கொண்டே இருந்தும் மணம் போகவில்லை. இப்படி எழுதினால் நீ சிரிப்பாய். "அது தைலம் அம்மணி, பாசமில்ல. எண்ணெப் பசை நூல்ல புடிச்சா லேசுல போகாது" என்பாய். எனக்கும் அந்தக் கருத்துதான். இருந்தாலும் ஸ்வெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு, மேசைக்கு வந்து, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் சர்வரை இந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்துகிறார்கள். இனி கம்பெனியின் கணக்கீடுகள் எல்லாம் கிளவுடில், எங்கோ இருக்கும் வாடகை இயந்திரங்களில். எவ்வளவு பெரிய இயந்திரம் தேவைப்படும் என்று முடிவு செய்ய, இத்தனை காலம் இந்த சர்வரில் எந்தெந்தக் கட்டளை எவ்வளவு ஓடியது என்ற மொத்தச் சுருக்கம் வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். நேற்று எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு வரியைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும்.

நாம் இருவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில்தான் இந்த பம்ப் கம்பெனியில் சேர்ந்தோம். நான் சர்வரைப் பார்த்துக்கொள்ள. நீ, பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழன்று வெளியேறும் என்று கணக்கிடும் புரோகிராம்கள் எழுத. மேசைகள் அடுத்தடுத்து. முதல் வருடம் நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. நீ எல்லோரிடமும் பேசுவாய். அதனாலேயே எனக்கு உன்மேல் நம்பிக்கை வரவில்லை. நம்மைச் சேர்த்துவைத்தது ஒரு சண்டை. சர்வர் மெதுவாக ஓடுவதற்கு டெஸ்டிங் பிரிவுதான் காரணம் என்றது டிசைன் பிரிவு. டிசைன்தான் காரணம் என்றது டெஸ்டிங். மேனேஜர் இரண்டு பக்கமும் கேட்டுக் களைத்துப்போய் நம் மேசைக்கு வந்தார்.

"ரெண்டு பேருமே சத்தியம் பண்றாங்க. ஆரு சொல்றது நெசம்னு எனக்கு எப்புடிங்க தெரியும்?"

"மெஷினையே கணக்கு வெக்கச் சொல்லலாமுங்க," என்றாய் நீ. பிறகு என் பக்கம் குனிந்து, "உன்ர லினக்ஸ்ல அது சும்மாதான கெடக்குது? போட்டு உடு அம்மணி."

ஒரே ஒரு கட்டளையில் அதை முடுக்கிவிட்டேன். அதன்பின் சர்வரில் எந்த வேலை முடிந்தாலும் அதற்கு ஒரு சின்ன வரி பதிவாகும். என்ன கட்டளை, யார் ஓட்டியது, தொடக்கத்திலிருந்து முடிவு வரை எவ்வளவு நேரம், அதில் சிபியு உண்மையில் உழைத்தது எவ்வளவு, எவ்வளவு மெமரி பிடித்தது என்று. வார இறுதியில் இன்னொரு கட்டளை அந்த வரிகளை எல்லாம் கூட்டிச் சுருக்கித் தரும். ஆளுக்கு ஒரு வரியாகக் கேட்கலாம். கட்டளைக்கு ஒரு வரியாகவும் கேட்கலாம்.

முதல் சுருக்கத்தைப் பார்த்ததும் மேனேஜருக்கு டிசைனும் டெஸ்டிங்கும் மறந்துபோயின. பட்டியலின் உச்சியில் இருந்த பெயரில் விரலை வைத்தார்.

"ஏனுங்க மேடம், இந்த ரூட்டுங்கறது ஆருங்க? நம்ம ஆளுங்கள்ல அப்படியொரு பேரு இல்லீங்களே. ராத்திரி பகல்னு பாக்காம வேல செஞ்சிருக்காரு."

நான் விளக்க வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "பாவமுங்க சார். லீவே போடமாட்டாரு. ஒரு இன்க்ரிமென்ட் பாத்துப் போட்டுக் குடுங்க."

அவர் தலையாட்டிக்கொண்டே போனார். ரூட் என்பது ஆள் இல்லை, சர்வரை நிர்வகிக்கும் கணக்கின் பெயர், அதில் பாதி வேலை சர்வர் தானாகச் செய்துகொள்வது, மீதி நான் செய்வது என்று மறுநாள் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. "அப்ப நீங்கதானுங்களா அது" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு மதியம் நீயும் நானும் முதல் தடவையாகச் சேர்ந்து சாப்பிட்டோம்.

அதிலிருந்து திங்கட்கிழமை காலை என்றால் அந்த வாரச் சுருக்கமும் ஒரு தேங்காய் பன்னும். பன்னை நீ நான்காக வெட்டி மூன்று துண்டை எனக்குத் தள்ளிவிடுவாய். சுருக்கத்தை நீதான் வாசிப்பாய், கல்யாண வீட்டில் மொய் வாசிக்கிற குரலில். ஒருவர் காலையில் ஒரு ஃபைலைத் திறந்து சாயங்காலம் மூடியிருப்பார். ஓடிய நேரம் நாள் முழுக்க, சிபியு நேரம் ஒன்றுமில்லை. "தொறந்து வெச்சுப்போட்டு அக்கட்டால போயிட்டாரு. மேனேஜர் மீட்டிங் மாதிரியேதான்" என்பாய். கடைசி வரிகளில் ஒன்று 'மற்றவை' என்று வரும். ஒரே ஒரு முறை ஓடிய கட்டளைகளுக்கெல்லாம் தனித்தனி வரி கொடுக்காமல், அந்தச் சுருக்கம் அவற்றை ஒன்றாகச் சேர்த்து அந்தப் பெயரில் போட்டுவிடும். நீ அதற்கு மூட்டை என்று பெயர் வைத்தாய். "ஒரு தடவ செஞ்சதுக்கெல்லாம் பேரு கெடையாது. ஒரே மூட்டையாக் கட்டி ஓரமா வெச்சிருச்சு பாரு."

இன்னொன்றும் உன்னை உறுத்தியது. ஒரு வேலை முடிந்தால்தான் அதற்கு வரி விழும் என்று நான் சொன்னபோது நீ பன்னைக் கீழே வைத்தாய்.

"அப்ப ஓடிட்டே இருக்கறது?"

"ஓடற வரைக்கும் அதுல வராது."

"பத்து நாளா ஓடினாலும்?"

"முடிஞ்ச அன்னிக்கு மொத்தமா வரும்."

"நடுவுல கரண்ட் போயிருச்சுன்னா?"

"வராது. ஓடினதுக்கு அடையாளமே இருக்காது."

"இதென்ன நியாயம் அம்மணி," என்றாய். இயந்திரத்தில் நியாயம் எதிர்பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அப்போது எரிச்சல் வரும்.

நீ தொண்டாமுத்தூரிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தாய். ஒரு நாள் வரவில்லை. மறுநாள் லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல் எழுதிக் கொடுத்தாய்: யானை. பஸ் வரும் சாலையின் குறுக்கே பொழுது விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்ததாம். விளக்கி எழுது, கேலி செய்வதாக நினைப்பார் என்றேன். "நெசத்த இதுக்கு மேல எப்புடி விளக்கறது?" மேனேஜர் அதில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'பத்திரமாக வரவும்' என்றும் எழுதியிருந்தார். அந்தத் தாளை நீ உன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாய்.

உன் அப்பா அடுத்தவர் தோப்பில் தண்ணீர் கட்டப் போனவர். வோல்டேஜ் இறங்கின நாட்களில் மோட்டார் இரைந்து இரைந்து உள்ளே காயில் சுருள் கருகிவிடும். தோட்டக்காரர் மோட்டாரைத் திட்டமாட்டார். சுவிட்சைப் போட்டவரைத் திட்டுவார். இதை நீ ஒரே ஒரு தடவை, சாதாரணமாக, வேறு எதற்கோ இடையில் சொன்னாய். பல வருடங்கள் கழித்து நீ உன் சொந்த வேலையாக ஒரு கணக்கைத் தொடங்கியபோதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. வோல்டேஜ் குறைந்தாலும், தண்ணீரில் மணல் வந்தாலும் மோட்டாரைத் திணறவைக்காத ஒரு சின்ன இம்பெல்லர். பம்புக்குள் சுழலும் அந்தச் சக்கரத்தின் இதழ்களை எந்தக் கோணத்தில் வளைக்க வேண்டும் என்று தேடும் கணக்கு. கம்பெனி அதைக் கேட்கவில்லை. சும்மா கிடக்கிற நேரத்தில் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் அனுமதி மட்டும் கொடுத்தார்.

அதற்காக நீ அந்த ஓட்டத்துக்கு ஆகக் குறைந்த முன்னுரிமை கொடுத்தாய். வேறு யாருக்கும் சர்வர் தேவைப்படாத நேரத்தில் மட்டும் அது நகரும். யாராவது வந்துவிட்டால் ஒதுங்கி நிற்கும். அதனால் அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை படி தாண்டியது என்று ஓர் எண் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். நடுநடுவே நிறுத்தி இதுவரை செய்ததை எழுதிவைக்கிற மாதிரி செய் என்று சொன்னேன். "டிஸ்க்ல எடம் எங்க வெச்சிருக்கே அம்மணி? எல்லாந்தான் ரொம்பிக் கெடக்குது. இந்த ஒரு தடவ நேரா ஓடட்டும். அடுத்த ரன்னுக்குப் பாத்துக்கலாம்." டிஸ்க் நிரம்பியிருந்தது உண்மைதான். புது டிஸ்க் கேட்டு நான் அனுப்பிய மனு மேலே எங்கோ இருந்தது.

ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய்.

வயிறு உப்புசமாக இருக்கிறது என்று நீ அதற்கு முன்பே மாதக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாய். வெளியில் சாப்பிடுகிற பன்தான் காரணம் என்று பன்னை நிறுத்தினாய். கருப்பைக்குப் பக்கத்தில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்தபோது அது அங்கே மட்டும் இல்லை. நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். எந்த மருந்து, எந்த நிலை, எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று உன் வீட்டுக்காரருக்கு எளிமையாகச் சொல்லிக் காட்டினேன். அவர் மேட்டுப்பாளையத்தில் கிழங்கு மண்டியில் வேலை செய்கிறவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க. இப்ப நாம என்னங்க பண்றது?" என்றார். என்னிடம் இருந்தது சுருக்கம் மட்டும்.

வார்டு வாசலில் இன்னொரு நாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க, அந்த ரன்னுங்கறது என்னங்க? என்ரகிட்டப் பேசறதக் காட்டிலும் அதப் பத்தித்தான் அதிகமாக் கேக்கறா. ஆரோ ஊட்டுக்கு வந்த ஒறம்பற மாதிரி."

ஆமாம், நான் உள்ளே நுழைந்ததும் நீ கேட்பது அதைத்தான்.

"முடிஞ்சுதா?"

"ஓடிட்டிருக்குது."

"நானுந்தான்," என்பாய்.

தினமும் காலையில் அலுவலகம் போனதும் முதல் வேலையாக உன் பயனர் பெயரைத் தட்டி, அதில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பேன். ஒரு தலைப்பு வரி வரும். அதன் கீழே உன் ஓட்டத்தின் பெயர். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மதியம் உன்னிடம் சொல்வேன். முன்னுரிமையை ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன். எனக்கு அது ஒரு நொடி வேலை. நீ ஒப்புக்கொள்ளவில்லை. "அடுத்தவங்க சோலியத் தள்ளிப்போட்டு நம்முளுது ஓட வேண்டாம். அப்புறம் திங்கக்கெழம டெஸ்டிங்காரங்க சுருக்கத்தப் புடிச்சுட்டு வருவாங்க."

அப்புறம் மேனேஜர் அழைத்தார். சர்வருக்கு மின்சாரம் தரும் யூபிஎஸ்ஸின் பேட்டரிகளை மாற்ற வேண்டும், சர்வரை ஒரு நாள் நிறுத்த வேண்டும் என்றார்.

"யாரு ரன்னும் கெடக்கூடாதுன்னு நீங்க அனுப்பின சுருக்கத்தப் பாத்துத்தானுங்க முடிவு பண்ணேன். கடசி ரெண்டு மூணு வாரமும் பாத்துட்டேன். எல்லாரு வேலையும் முடிஞ்சிருக்குது. சனிக்கெழம நிறுத்திரலாமுங்க."

"சார், முடிஞ்சதுதானுங்க அதுல வரும். முடியாதது ஒன்னு ஓடிட்டிருக்குது."

"ஆரோடதுங்க?"

உன் பெயரைச் சொன்னேன். அவர் தாளை மறுபடி பார்த்தார். பெயர்ப் பட்டியலில் மேலிருந்து கீழே விரல் ஓடியது.

"அவங்க பேரே இல்லீங்களே மேடம். லீவுல இருக்கறவங்கதான?"

விளக்கினேன். முடிந்தால்தான் வரி விழும் என்பதை அவருக்கு மூன்று விதமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்; ஒரு வாரம் தள்ளிவைத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னிடம் சொன்னேன். அப்போதுதான் முன்னுரிமையை ஏற்றச் சம்மதித்தாய். ஏற்றினேன். எண் வேகமாக ஏறத் தொடங்கியது. டெஸ்டிங் பிரிவிலிருந்து ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்த வாரம் உனக்கு வயிற்றில் நீர் சேர்ந்துகொண்டே இருந்தது. எடுத்தார்கள், சேர்ந்தது. மறுபடி எடுத்தார்கள். பேசுவதற்கு நடுவே மூச்சு வாங்கினாய். காலையில் எண்ணைப் பார்ப்பேன். மதியம் உன் முகத்தைப் பார்ப்பேன். எதற்கு எது காத்திருக்கிறது என்று நினைக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கணக்குக்கும் ஒரு உடம்புக்கும் சம்பந்தம் இல்லை. நான் அப்படி எல்லாம் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் காலையில் அந்தப் பெயரைத் தட்டும்போது விரல் கூசியது.

வெள்ளிக்கிழமை பேட்டரிக்காரர் வந்து யூபிஎஸ்ஸைத் திறந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பேட்டரிகளின் பக்கங்கள் உப்பிப் புடைத்திருந்தன. ஒன்றின் மேல்மூடி பிளந்து ஏதோ கசிந்திருந்தது. புளித்த வாடை.

"இது தீப்புடிக்கற கேஸுங்க," என்றார் பேட்டரிக்காரர். "இன்னிக்கே ஆகறதா இருந்தா நல்லதுங்க. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல நான் கேரண்டி சொல்லமாட்டேன்."

"மேடம், நீங்களே சொல்லுங்க," என்றார் மேனேஜர். அவர் குரலில் அதிகாரம் இல்லை. உண்மையாகவே என்னைக் கேட்டார். இயந்திரத்தை யூபிஎஸ்ஸிலிருந்து பிடுங்கி நேர்க் கரண்டில் செருகலாமா என்று யோசித்தேன். அந்தப் பிளக்கை மாற்றுவதற்கே ஒரு தடவை நிறுத்தியாக வேண்டும். கட்டிடத்தில் ஆட்கள் இருந்தார்கள். நாளைக்கு மத்தியானம் நிறுத்திரலாமுங்க என்றேன். அவர் வில்லனாக இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

இன்னும் இரண்டு மூன்று நாள் கிடைத்திருந்தால் போதும். எண் அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தது.

சனிக்கிழமை காலை உன்னிடம் வந்தேன். நமக்குள் பொய் சொல்லும் வழக்கம் இல்லை.

"முடிஞ்சுதா?"

"முடியாது. மத்தியானம் நிறுத்தறாங்க. பேட்டரி உப்பிருச்சு."

நீ உன் வயிற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். "அதுக்குமா?" என்றாய். உன் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

"அம்மணி, கரண்டப் புடுங்கினா அதுக்கு வரி விழாதுல்ல?"

"விழாது."

"நீ போயி நிறுத்தினா?"

"விழும். பாதில நிறுத்தினதுன்னு குறி போட்டு விழும்."

"அப்ப நீ போயி நிறுத்து. ஓடின நேரமாவது எழுதட்டும்." மூச்சு வாங்கி, "நம்மூர் கில் போடு. ஒம்பது போடாத" என்றாய்.

அது நம் பழைய வேடிக்கை. ஓடுகிற வேலையை நிறுத்தும் கட்டளைக்கு கில் என்று பெயர். அதில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, கொஞ்சம் நிறுத்திக்கொள்ளச் சொல்லிக் கேட்கும். ஒன்பதாம் எண் கேட்காது, வெட்டிவிடும். முதலாவதுக்கு நீ நம்மூர் கில் என்று பெயர் வைத்திருந்தாய். 'கொஞ்சம் நிறுத்திக்கிறீங்களாங்க' என்று கேட்கிறதாம்.

நான் கிளம்பும்போது என் விரலைப் பிடித்து, "மெதுவாப் போ. ரோட்ல யானை நிக்கப் போகுது" என்றாய். அவிநாசி ரோட்டில் யானைக்கு எங்கே இடம். நீ என்னிடம் முழுதாகச் சொன்ன கடைசி வாக்கியம் அது.

மத்தியானம் சர்வர் அறையில் பேட்டரிக்காரர் கருவிகளைப் பரப்பிவைத்துக் காத்திருந்தார். மேனேஜர் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. குளிரில் உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நொடி தோன்றியது, போடவில்லை. உன் பெயரைத் தட்டினேன். தலைப்பு வரி, கீழே உன் ஓட்டம். கடைசியாக அந்த எண்ணைப் பார்த்தேன். நம்மூர் கில் போட்டேன். அது மறுக்கவில்லை. அடுத்த முறை தட்டியபோது தலைப்பு வரி மட்டும் இருந்தது. பதிவைத் திறந்தேன். உன் புரோகிராமின் பெயர், உன் பெயர், சிபியு நேரம், பாதியில் நிறுத்தப்பட்டது என்பதற்கான எக்ஸ் குறி. வரி விழுந்திருந்தது. அந்தப் பதிவை நகல் எடுத்துக்கொண்டு சர்வரை அணைத்தேன்.

திங்கட்கிழமை சுருக்கத்தில் ஆள்வாரியான பட்டியலின் உச்சியில் நீ. ரூட்டுக்கும் மேலே. அதை போனில் படம் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து நீ கண் திறக்கவில்லை என்றார் உன் வீட்டுக்காரர். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். உன் மொய்க்குரல் எனக்கு வராது, சாதாரணமாகத்தான் வாசித்தேன். உன் பெயரை முதலில் வாசித்தேன். உன் வீட்டுக்காரர், "கேட்டிருக்குமுங்க. கண்டிப்பாக் கேட்டிருக்கும்" என்றார். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. உன் இமை அசைந்ததா என்று கேட்டால், நான் பார்த்தவரை இல்லை. புதன்கிழமை நீ போய்விட்டாய்.

அதன்பின் நான் சும்மா இருக்கவில்லை. உன் புரோகிராம் என்னிடம் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். புது டிஸ்க் வந்திருந்தது, எழுதிவைக்கவும் வழி இருந்தது. நீ போன பிறகு அந்த மனுவுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அந்த ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன் நீ அளவுகளில் ஏதோ திருத்தியிருக்கிறாய். அந்தத் திருத்தத்தோடு இருந்த புரோகிராம் டிஸ்க்கில் எங்கும் இல்லை, சர்வரின் நினைவில் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. என்னிடம் இருப்பது அதற்கு முந்தையது. அது ஒரு படியில் போய்ச் சிக்கி, தண்ணீர் பின்னோக்கி ஓடுவதாகச் சொல்கிறது. டிசைன் பிரிவில் கேட்டேன். நல்லவர்கள், இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். "அக்கா மனசுல என்ன வெச்சு இத எழுதுனாங்கன்னு தெரியலீங்களே" என்றார்கள். எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எவ்வளவு நேரம் ஓடியது என்பது மட்டும்.

நேற்று கொடுத்த மொத்தச் சுருக்கத்துக்கு வருகிறேன். கட்டளைக்கு ஒரு வரி என்று கேட்டிருந்தார்கள். எல்லா வருடத்துப் பதிவுகளையும் சேர்த்துக் கூட்டினேன். மேனேஜர் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இந்த 'மற்றவை' ஏனுங்க மேடம் இவ்ளோ பெருசா இருக்குது? மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்குதுங்க. இது மட்டும் சிபியு நேரம் எங்கியோ போகுதுங்களே."

உன் கணக்கின் இறுதி வடிவத்துக்கு நீ புதுப் பெயர் வைத்திருந்தாய். அந்தப் பெயரில் அது ஒரே ஒரு முறைதான் ஓடியது. அதனால் உன் மூட்டைக்குள்ளேயே அதுவும் போய்விட்டது.

"ஒரே ஒரு தடவ ஓடினதெல்லாம் அதுல இருக்குதுங்க சார்."

"திரும்ப ஓடப்போறதில்லையில்லீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அத எடுத்துப்போடுங்க. இல்லாட்டி தேவைக்கு மேல பெரிய மெஷினா எடுத்துருவாங்க." சொல்லிவிட்டு ஏதோ நினைவு வந்தவர்போல் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதான். என் மேசைக்கு வந்து, எல்லாக் கட்டளைகளையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டச் சொல்லி ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். அப்படிக் கேட்டால் காட்டும். நாம் ஒருநாளும் கேட்டதில்லை. உன் வரி இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பழையபடி சுருக்கி, 'மற்றவை' என்ற வரியை நீக்கி, அனுப்பிவிட்டேன்.

ஒரு பழக்கம் மட்டும் என்னிடம் இன்னும் இருக்கிறது. காலையில் உட்கார்ந்ததும் விரல் தானாக உன் பெயரைத் தட்டும். இரண்டு வருடமாகத் தலைப்பு வரி வருகிறது. அதன் கீழே ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். நேற்று கிளவுடில் நமக்கென்று கொடுத்த புதிய இயந்திரத்திலும் தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு பயனர் இல்லை என்றது. அதற்கு உன்னைத் தெரியாது. நம் பழைய சர்வர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

புதிய இடத்தில் ஒரு பயனரைச் சேர்க்க மேனேஜரின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர் என்ற கட்டத்தில் உன் பெயர். காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதினாலும் பொய்யாகத் தெரிந்தது. வெகு நேரம் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. 'யானை' என்று அடித்து அனுப்பினேன்.

மேனேஜர் இன்னும் பார்க்கவில்லை. வேண்டாமுங்க மேடம் என்று அவர் சொன்னால், எப்போதும்போல அது சரியாகத்தான் இருக்கும். நாளைக் காலையும் உன் பெயரைத் தட்டுவேன். வெள்ளிக்கிழமை வரை தலைப்பு வரியாவது வரும்.